தவம் கலைந்தாலும் பேர் போடணும்

பேப்பரும் பகடையும் வைத்து ஆடும் கதை விளையாட்டுகளில் ஐம்பது வருஷமா தீராத ஒரு வழக்கு இருக்கு. மந்திரவாதி மந்திரம் சொல்லத் தொடங்குறான். கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தன் வாளை ஓங்கிக்கிட்டு நிக்கிறான். மந்திரம் பலிக்குமா, பலிக்காதா? பலிக்கும்னா, வாளோட நிக்கிறவனுக்கு என்ன மரியாதை? பலிக்காதுன்னா, மந்திரவாதியா ஆட வந்த ஆள் எதுக்கு வந்தார்?

விதிப்புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவங்க மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் மாதிரி இது தெரியலாம். ஆனா ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியான்னு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடுற எங்களுக்கு அப்படி இல்ல. யார் தொடர்ந்து மேசைக்கு வர்றாங்க, யார் ரெண்டாவது வாரமே நின்னுடுறாங்க என்பதை இந்த ஒரு விதி பல தடவை தீர்மானிச்சிருக்கு. அதனால எங்க கட்சியை முதல்லயே சொல்லிடுறோம்: மந்திரம் சொல்றவங்களுக்கு ஆபத்து இருக்கணும். அந்த ஆபத்தைக் குறைக்கக் கூட இருக்கிறவங்களால முடியணும். தோத்தாலும் எல்லாம் ஒரேயடியா போகக்கூடாது.

ஆடிப் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒருத்தர் கதையை நடத்துவார், அவரை டிஎம்னு சொல்றோம். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி. சண்டை வந்தா முறை வச்சு ஆடணும். செய்ய நினைக்கிறதைச் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டி, உங்க திறமைக்கான எண்ணைக் கூட்டணும். குறிச்ச இலக்கை எட்டினா வெற்றி. இருபது முகப் பகடை கிடைக்காத ஊர்ல ஃபோன் ஆப் போதும். அதுவும் இல்லைன்னா 1 முதல் 20 வரை எழுதின துண்டுச்சீட்டும் ஒரு பால்மா டின்னும் போதும். எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கணும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு தீர்ப்பு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் உருவாக்கினது. அதோட மந்திர முறைக்கு அடிப்படை ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' கதைகள். மந்திரவாதி மந்திரத்தை முன்கூட்டியே மனசில் ஏத்தி வச்சுக்கணும். ஒரு தடவை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிஞ்சிடும். அதாவது மந்திரம்கிறது எண்ணி வச்ச தோட்டா மாதிரி.

1989இல் வந்த ரெண்டாம் பதிப்பில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு நேரம் இருந்தது. மந்திர அம்புக்கு 1, தீக்கோளத்துக்கு 3. பத்து முகப் பகடையை உருட்டி அந்த நேரத்தைக் கூட்டணும். சின்ன எண் வந்தவங்க முந்திக்குவாங்க. என்ன மந்திரம்னு உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடி விழுந்தா மந்திரம் போச்சு, நினைவிலிருந்தும் போச்சு. சுற்றுக்குச் சுற்று நெஞ்சு படபடன்னு அடிக்கும், உண்மைதான். ஆனா முதல் படி மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதுவும் ஒரு கல்லெறியில போயிட்டா, மிச்ச நேரமெல்லாம் அவர் தீப்பந்தம் பிடிக்கிற வேலைதான் பார்க்கணும்.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது, 2003இல் அதோட திருத்தம். இதில் எதிரி பக்கத்தில் நிக்கும்போது மந்திரம் சொன்னா எதிரிக்கு ஒரு இலவச வெட்டு. வெட்டு பட்டா பத்தோட, பட்ட காயத்தையும் மந்திரத்தோட படியையும் கூட்டி வர்ற இலக்கை எட்டணும். இல்ல, வெட்டுக்கு இடம் கொடுக்காம 'தற்காப்பாச் சொல்றேன்'னு சொல்லலாம். அப்போ இலக்கு பதினைந்தும் மந்திரத்தின் படியும். எட்டலைன்னா மந்திரமும் போச்சு, முறையும் போச்சு.

கணக்கைப் போட்டுப் பாருங்க. முதல் படி மந்திரவாதி, ஓரளவு நல்ல உடம்பு: கூட்டற எண் 6, இலக்கு 16. நூற்றுக்கு 45 தடவை தோல்வி. அதே ஆள் பதினேழாம் படிக்கு வந்து, அந்தத் திறமையை விடாம வளர்த்திருந்தா, கூட்டற எண் 23 வரைக்கும் வரும். ஒன்பதாம் படி மந்திரத்துக்கு இலக்கு 24. பகடையில் 1 விழுந்தாலும் பாஸ்! ஆக, கையில் ஒண்ணும் இல்லாதப்போ பாதிக்குப் பாதி ஆபத்து. மலையைப் புரட்டுற சக்தி வந்ததும் ஆபத்தே இல்ல. தலைகீழா எழுதின விதி இது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் இதைக் கவனிச்சு, மந்திரப் படியை ரெண்டால் பெருக்கிப் பதினைந்தோட கூட்டச் சொன்னது. மேல்படிக்குப் போனாலும் கொஞ்சம் பயம் மிஞ்சியது. கீழ்ப்படியில் இருக்கிறவங்க கஷ்டம் அப்படியேதான் இருந்தது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மறுபக்கம் போயிடுச்சு. பக்கத்தில் எதிரி இருந்தாலும் மந்திரம் சொல்லலாம், இலவச வெட்டு கிடையாது. குறி பார்த்துத் தூர எறியிற மந்திரம்னா மட்டும் ரெண்டு தடவை உருட்டிக் குறைஞ்ச எண்ணை எடுக்கணும். தீக்கோளம் மாதிரி எதிரி தப்பிக்க உருட்ட வேண்டிய மந்திரங்களுக்கு அந்தத் தடையும் இல்ல. ஆபத்து வேற இடத்துக்கு நகர்ந்தது: நீடிச்சு நிக்கிற மந்திரங்களை மனசை ஒருமுகப்படுத்தித் தாங்கிப் பிடிக்கணும், ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் பிடிக்கலாம், அடி பட்டா உருட்டணும். இலக்கு 10, அல்லது பட்ட காயத்தில் பாதி, எது பெரிசோ அது.

சிறுத்தையும் குளவியும்

இந்தக் கடைசி விதியில் பலர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. காயத்தில் பாதின்னா, 21 வரைக்கும் எவ்வளவு காயம் பட்டாலும் இலக்கு 10தான். கூட்டற எண் 2 உள்ள மந்திரவாதிக்குத் தாங்குற வாய்ப்பு நூற்றுக்கு 65. சிறுத்தை ஒரே பாய்ச்சலில் 21 காயம் கொடுத்தாலும் 65. ஒரு குளவி கொட்டி 1 காயம் பட்டாலும் அதே 65. ஆனா குளவி தனியா வராதே. ரெண்டு கொட்டு தனித்தனியா விழுந்தா 42. மூணு விழுந்தா 27. பத்து விழுந்தா நூற்றுக்கு ஒண்ணுதான் மிஞ்சும்.

இது பிழையான விதின்னு வெளியில சிலர் சொல்றாங்க. எங்களுக்கு அப்படிப் படல. மலையில் கொழுந்து எடுக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. தேயிலைக்கு அடியில் இருக்கிற குளவிக்கூடு கலைஞ்சா கூடையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடணும். குளவிக்கொட்டில் உயிர் போன செய்தி எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. கவனத்தைக் கலைக்கிறது அடியோட பாரமா, எண்ணிக்கையான்னு கேட்டா எண்ணிக்கைதான்னு எங்க அம்மாமார் சொல்லுவாங்க.

ஆட்டத்துக்கும் இது நல்லது. எதிரி மந்திரவாதியை அடக்க ஒரு பெரிய அடியைவிட ரெண்டு சின்ன அடி மேல். ஐந்தாம் படியில் ரெண்டாவது வெட்டு கிடைக்கிற வீரனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கு. ஆக, மந்திரத்தைத் தாங்கிப் பிடிக்கிற விதியில் எங்களுக்குக் குறை இல்ல. குறை, மந்திரம் சொல்ற அந்த நொடியில்.

எங்கள்ல ஒரு தங்கச்சி வீரன் பாத்திரம் எடுத்து ஆடினா. மூணாவது வாரம் கேட்டா: "அண்ணே, நான் முன்னால நின்னாலும் நிக்காட்டியும் அந்த அக்கா நெருப்பைப் போடத்தானே போறாங்க? அப்ப நான் எதுக்கு?" பதில் சொல்ல யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல. பழைய பதிப்பில் ஆடினப்போ இதுக்கு நேர்மாறு. பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்த தம்பி ஒருத்தன் மந்திரவாதி. ஆறு பேர் ஆடுற மேசையில் கடைசி பஸ்ஸுக்கு முன்னால அவன் முறை மூணு தடவைதான் வந்தது. மூணும் தோத்துச்சு. மூணு தடவையும் 'போச்சு' என்பதைத் தவிர அவன் கதைக்குள்ள ஒண்ணும் செய்யல. 45 வீதத் தோல்வின்னா, மூணு தடவை தொடர்ந்து தோக்கிறது ஏறக்குறைய பதினொரு பேர்ல ஒருத்தருக்கு நடக்கும். அபூர்வம்னு தள்ளிவிட முடியாது. அடுத்த வாரம் அவன் வரல.

கூத்துப் பொட்டலில் இருந்து

இந்தக் கேள்வி நம்ம மலைக்குப் புதுசு இல்ல. மாசி மாசம் தோட்டங்களில் ஆடுற காமன் கூத்தோட மையமே இதுதானே? சிவன் தவத்தில் இருக்கிறார். மன்மதன் பூ அம்பை விடுறான். தவம் கலையுது. நெற்றிக்கண் திறக்குது. மன்மதன் எரியிறான். ரதி அழுகிறாள். தப்புச் சத்தத்தோட விடிய விடிய நடக்கிற அந்தக் கதையில், தவத்தைக் கலைச்சவன் சும்மா போகல. கலைக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு.

அருச்சுனன் தபசும் நம்ம தோட்டங்களில் ஆடுற கூத்துதான். பாசுபதம் வேணும்னு அருச்சுனன் தவம் இருக்கிறான். மூகாசுரன் பன்றியா வர்றான். கதைப்படி அருச்சுனன் வில்லை எடுக்கிறான். தவத்தில் நீடிக்கிறதா, எழுந்து அம்பு விடுறதா என்கிற முடிவு அவனோடது. ஆபத்து வரும்போது தவம் இருக்கிறவனுக்கு ஒரு தேர்வு இருக்கு.

இராமாயணத்துக்குப் போனா ரெண்டு வேள்வி. விசுவாமித்திரர் வேள்வி முடிஞ்சது, ஏன்னா இராமனும் இலட்சுமணனும் காவல் நின்னாங்க. நிகும்பலையில் இந்திரசித்து செஞ்ச வேள்வி முடியல, ஏன்னா வீடணன் வழிகாட்ட இலட்சுமணன் போய்க் கலைச்சான். ரெண்டு இடத்திலயும் மந்திரம் சொல்றவரை மட்டும் வச்சு முடிவு வரல. பக்கத்தில் வில்லோட யார் நின்னாங்க என்பதுதான் முடிவு பண்ணுச்சு. எங்க தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கு.

கர்ணன் கதையையும் சேர்த்துக்கலாம். பரசுராமர் சாபத்தால் தேவையான நேரத்தில் மந்திரம் நினைவுக்கு வராம போகுது. கதைக்கு அது பெரிய சோகம். ஆட்டத்தில் வாரா வாரம் அதே நடந்தா அது சோகம் இல்ல, சலிப்பு.

பேர் என்றால் என்ன

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளம் வரணும்னா பேர் விழணும். குறிச்ச அளவு கொழுந்து இல்லைன்னா அரைப்பேர். காலையிலிருந்து மழையில நின்னாலும், பச்சை வராத மலையில விட்டிருந்தாலும், நிறுவையில் காட்டுற எண்தான் பேசும். அந்தச் சாயங்காலங்களில் வீட்டுக்குள்ள என்ன மௌனம் இருக்கும்னு நம்ம லயங்களில் வளர்ந்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

விளையாட்டையும் சம்பளத்தையும் ஒண்ணுன்னு நாங்க சொல்லல. ஆனா ஒரு விதியை எழுதும்போது, தன் கையில இல்லாத காரணத்துக்காக ஒருத்தரோட முழு முயற்சியையும் இல்லைன்னு ஆக்குறது நியாயமான்னு கேட்கிற பழக்கம் நமக்கு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா இருக்கணும். பகடை தோத்தா மந்திரமும் போய், முறையும் போகணுமா? ஏதாவது ஒண்ணு மிஞ்சட்டுமே.

2024இல் வந்த திருத்தப் பதிப்பே இந்தப் பக்கம் ஒரு அடி வச்சிருக்கு. எதிரி மந்திரத்தைத் தடுக்கிற மந்திரம் ஒண்ணு இருக்கு. 2014 விதிப்படி அது பலிச்சா மந்திரம் சொன்னவருக்கு அன்றைய கணக்கில் அந்த மந்திரமும் செலவு. இப்போ, மந்திரம் தடைபட்டா முறை மட்டும்தான் வீண், கணக்கில் இருக்கிற மந்திரம் செலவாகாது. அதோட, சொல்றவருக்குத் தாங்குற உருட்டல் ஒண்ணும் கிடைக்குது. ரெண்டு தண்டனையைப் பிரிச்சு ஒண்ணை மட்டும் வச்சிருக்காங்க. அதே புத்தியை வாள்முனைக்கும் நீட்டினா என்ன?

எங்க காவல் விதி

ஐந்தாம் பதிப்போட சேர்த்து நாங்க ஆடுறது இது.

ஒன்று: கைக்கெட்டும் தூரத்தில் எதிரி இருக்கும்போது மந்திரம் சொல்றவர் ஒரு முடிவைச் சொல்லணும். அவசரமாச் சொன்னா எதிரிக்கு வெட்டு கிடையாது, ஆனா மந்திரம் பலவீனம்: தப்பிக்க உருட்டுற எதிரி ரெண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கலாம், குறி பார்க்கிற மந்திரம்னா சொல்றவர் ரெண்டு தடவை உருட்டிக் குறைஞ்சதை எடுக்கணும்.

இரண்டு: முழுசாச் சொன்னா, பக்கத்தில் இருக்கிற ஒரு எதிரி தன் எதிர்வினையைச் செலவழிச்சு ஒரு வெட்டு போடலாம். பட்டா வழக்கமான தாங்குற உருட்டல். அதில் தோத்தா முறை மட்டும் போகும். மந்திரம் கணக்கில் அப்படியே இருக்கும்.

மூன்று: மந்திரவாதிக்குப் பக்கத்தில் நிக்கிற தோழர் யாரா இருந்தாலும் தன் எதிர்வினையைக் கொடுத்துக் காவல் நிக்கலாம். அப்போ எதிரி ரெண்டு தடவை உருட்டிக் குறைஞ்ச எண்ணை எடுக்கணும்.

நான்கு: இது எதிரி மந்திரவாதிக்கும் பொருந்தும்.

எதிரி நூற்றுக்கு 60 தடவை வெட்டைப் பட வைக்கிறவன், மந்திரவாதி அதில் 35 வீதம் தாங்காம போறவர்னு வச்சுக்குவோம். காவல் இல்லாம மந்திரம் கலையிற வாய்ப்பு 21 வீதம், ஐந்தில் ஒண்ணு. காவல் இருந்தா 12.6, எட்டில் ஒண்ணு. ஆபத்து பயப்படுற அளவு இருக்கு, வெறுத்துப் போற அளவு இல்ல. காவல் நின்னவரோட பங்கு கண்ணுக்குத் தெரியுது. நிகும்பலை மாதிரி எதிரியோட மந்திரத்தைக் கலைக்க வீரன் ஓடிப்போய் பக்கத்தில் நிக்கிறதுக்கும் இப்போ காரணம் இருக்கு. வெட்டைப் போட்ட எதிரிக்கு எதிர்வினை தீர்ந்திடுது, ஆகவே அவனைத் தாண்டித் திருடன் பயமில்லாம ஓடலாம். மன்மதனுக்கு மாதிரியே, கலைச்சவனுக்கும் விலை.

மறுப்புகளும் வந்திருக்கு. ஆட்டம் மெதுவாகும்னு சொல்றாங்க. எதிரி ஒட்டி நிக்கும்போது மட்டும்தான் இது வரும், கூடினா ரெண்டு உருட்டல். அந்த நேரத்தில் மந்திரவாதி, வீரன், டிஎம் மூணு பேரும் ஆட்டத்துக்குள்ள இருக்காங்க. ஒருத்தர் முறையை மத்த அஞ்சு பேரும் ஃபோனைப் பார்த்துக்கிட்டே கடத்துறதைவிட அது மேல்.

கீழ்ப்படி மந்திரவாதி ஏற்கெனவே பாவம்னு இன்னொரு வாதம். நியாயமான வாதம்தான். அதனாலதான் அவசர வழி வச்சோம், கணக்கையும் செலவாக்கல. அதுவும் போதலைன்னா மூணாம் படி வரைக்கும் ரெண்டாவது விதியை ஒதுக்கி வச்சு ஆடிப் பாருங்க.

புத்தகத்தில் உள்ளபடி ஆடினா போதாதான்னு கேட்கிறவங்களும் உண்டு. எந்தப் புத்தகம்? மேலே சொன்ன ஒவ்வொரு பதிப்பும் முந்தைய பதிப்பைத் திருத்தினதுதான். போதாததுக்கு, 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்போட அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுட்டாங்க. மூலத்தைக் குறிப்பிட்டுட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாத்தலாம், அச்சடிக்கலாம். தமிழில் விதி எழுத இனி யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்கத் தேவையில்ல.

அப்படி எழுதும்போது சொல்லையும் கவனிக்கணும். 'கொன்சன்ட்ரேஷன் பிரேக் ஆயிடுச்சு'ன்னு சொல்லிப் பார்த்தோம், புதுசா வந்தவங்களுக்கு அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. 'தவம் கலைஞ்சிருச்சு'ன்னு சொன்னோம். விளக்கமே கேட்கல. ஒருத்தர் ஒண்ணை மனசில் பிடிச்சிருக்கார், இன்னொருத்தர் கலைச்சிட்டார், இனி ஏதோ நடக்கப்போகுதுன்னு அந்தச் சொல்லே சொல்லிடுது.

காமன் எரிஞ்சானா எரியலையான்னு தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் ரெண்டு கட்சி கட்டிப் பாடுவாங்க. இந்த விதியிலும் எங்களுக்கு எதிர்க்கட்சி தேவை. மூணு ஞாயிறு இதை வச்சு ஆடுங்க. எத்தனை தடவை தவம் கலைஞ்சது, எத்தனை தடவை யாராவது காவல் நின்னாங்கன்னு ஒரு தாளில் குறிச்சு வைங்க. எண்களைக் கொண்டுவந்து எங்களோட சண்டை போடுங்க. ரெண்டாவது எண் பூஜ்ஜியமா வந்தா விதியை நாங்களே கிழிச்சுப் போடுறோம்.